எல்லோரும் கிராணி



தோட்டப்புறத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் நாலு பேர் ஈப்போவில் ஒரு கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால், பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஓர் இடத்துக்கு வந்துவிடும். "அந்தக் காலத்தில மனுசனுக்கு மனுசன் மரியாதை இருந்துச்சு. இப்பப் பாருங்க, முகநூல்லயும் டிக்டாக்லயும் என்ன பேச்சு பேசுதுங்க!" இதில் இரண்டாம் பாதியை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். முதல் பாதியைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக் குழாயடியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். வாளியும் மண்ணெண்ணெய் டின்னும் வரிசை பிடித்து நிற்கும். ஒருத்தி வாளியை இன்னொருத்தி ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டால் போதும், மூன்று தலைமுறை வெளியே வந்துவிடும். யாருடைய மாமியார் யாரிடம் கடன் வாங்கினாள், எவன் கள்ளுக்கடைத் திண்ணையில் விடிய விடியக் கிடந்தான், எல்லாம் ஊரறியப் பேசப்படும். அன்று குழாயடியில் பேசப்பட்டதை அப்படியே இன்று முகநூலில் ஏற்றினால், ஒரு மணி நேரத்தில் கணக்கை முடக்கிவிடுவார்கள். ஆகவே அன்றைக்கு எல்லாரும் வாய்ச் சுத்தம் என்ற கதையை விட்டுவிடுவோம்.

ஆனால் அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு இருந்தது. எங்கள் லயத்தில் ஒரு பாட்டி, வெற்றிலையைக் குதப்பியபடி வாசலில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருப்பார். பேச்சு செத்துப்போனவர்கள்மேல் திரும்பும்போது எழுந்து வந்து, குழாயை மூடிவிடுவார். அவ்வளவுதான். தண்ணீர் இல்லாமல் குழாயடியில் நிற்க யாருக்கும் வேலை இல்லை. மறுநாள் விடிவதற்கு முன்பே, பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது, சண்டை போட்ட இரண்டு பேரும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் நிற்பார்கள். ஒருத்தியின் ரப்பர் மர நிரைக்குப் பக்கத்து நிரை மற்றவளுடையது. தோளில் காண்டாக் கம்பும் வாளியுமாகச் சறுக்கி விழுந்தாலோ பாம்பைப் பார்த்து அலறினாலோ, முதலில் ஓடி வரவேண்டியவள் நேற்றுத் திட்டியவள்தான். இருவருடைய குழந்தைகளும் ஒரே ஆயாக் கொட்டகைத் தூளியில் கிடக்கும். பேசாமல் ஒரு மாதம் இருக்கலாம். அதற்கு மேல் முடியாது. மாரியம்மன் திருவிழா வந்துவிடும்.

இதைச் சொன்னதும், "அதுதானே சார், நேருக்கு நேர் பார்த்தால் மரியாதை தானாக வரும்" என்பீர்கள். அங்கேதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பால் ஸ்டோர்.

நண்பகலுக்குள் மரம் வெட்டி, பால் சேர்த்து, காண்டா கட்டித் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், கண்ணாடிக் குழல் ஒன்றைப் பாலில் மிதக்கவிட்டு அளவு பார்ப்பார். பிறகு எல்லார் முன்னாலும், வயதில் தன்னைவிடப் பெரியவரிடம், "என்னடா, பாலா தண்ணியா?" என்பார். சில நேரம் அதற்கு மேலும் சொல்வார். முகம் பார்த்துத்தான் சொன்னார், கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். எதிரில் நிற்பவர் தலையைக் குனிந்துகொள்வார். நேருக்கு நேர் என்பது எந்த மரியாதையையும் அங்கே கொண்டுவரவில்லை, ஏனென்றால் திருப்பிச் சொன்னால் நாளைக்குப் பெயர் கூப்பிட மாட்டார்கள்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்நின்ற போராட்டம். சம்பளக் கோரிக்கையோடு இன்னொரு கோரிக்கையும் அதில் இருந்தது: துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சோற்றுக்குப் போராடியவர்கள் சைக்கிளுக்கும் போராடினார்கள். நேரில் பட்ட அவமரியாதை அவ்வளவு உறுத்தியிருக்கிறது.

ஆக, குழாயடியில் முகம் பார்த்தார்கள், ஸ்டோரிலும் முகம் பார்த்தார்கள். குழாயடியில் ஏச்சுக்கு எல்லை இருந்தது, ஸ்டோரில் இல்லை. குழாயடியில் நான் ஒன்று சொன்னால் எனக்கு ஒன்று திரும்பி வரும், ஸ்டோரில் வராது. என் எண்ணம் இதுதான்: இணையம் நம்மில் யாரையும் புதிதாகக் கெட்டவனாக்கவில்லை. நம் எல்லாருக்கும் கிராணியின் நாற்காலியைக் கொடுத்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஏசலாம், கிராணிக்கும் கிடைக்காத வசதியாக, ஏச்சு வாங்கியவன் முகம் சுருங்குவதைப் பார்க்கவேண்டியதில்லை, நாளைக் காலை அவனோடு நிற்கவேண்டியதும் இல்லை.

பெயரை மறைத்துக்கொள்வதால்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். மொட்டைக் கடுதாசி நமக்குப் புதிதல்ல. கல்யாணம் நிச்சயமான வீட்டுக்கும், தோட்ட ஆபீசுக்கும், பள்ளிக்கூடத் தலைமையாசிரியருக்கும் அது வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்குப் பாடுபட வேண்டும். கையெழுத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் எழுதத் தெரிந்த பையனைப் பிடித்து மிட்டாய் வாங்கிக் கொடுக்க வேண்டும். தபால்தலை வாங்க வேண்டும். உள்ளூர் முத்திரை விழுந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய்ப் பெட்டியில் போட வேண்டும். பஸ்ஸில் போகும்போதே பாதிப் பேருக்குக் கோபம் தணிந்திருக்கும். இப்போது அந்தப் பஸ் பயணம் இல்லை.

பெயர்தான் காரணம் என்று நம்பி ஒரு நாடே சட்டம் போட்டுப் பார்த்தது. தென் கொரியா 2007-இல், பெரிய இணையத்தளங்களில் கருத்து எழுதுகிறவர் தன் உண்மையான அடையாளத்தைக் காட்டியே ஆகவேண்டும் என்றது. ஏச்சு சொல்லிக்கொள்கிற அளவுக்குக் குறையவில்லை. 2011-இல் ஒரு பெரிய தளத்தில் திருடர்கள் புகுந்து 3.5 கோடிப் பேருடைய விவரத்தை அள்ளிக்கொண்டு போனதுதான் மிச்சம். 2012-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தள்ளிவிட்டது.

கொரியா வரைக்கும் போவானேன்? நம் வாட்ஸ்அப் புலனக் குழுக்களைப் பாருங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய்த் தாமான் குடியிருப்பு வந்து, லயத்து மக்கள் புந்தோங், சிம்மோர், கிள்ளான், ஜோகூர், சிங்கப்பூர் என்று சிதறிப் போனார்கள். சுங்கை சிப்புட் பக்கம் இருந்த ஒரு தோட்டத்தின் பெயரில் ஒரு குழு இருக்கிறது, நானும் அதில் இருக்கிறேன். அதில் யாருக்கும் முகமூடி கிடையாது. "நாலாம் லயத்து டிரைவர் மகன்" என்றால் எல்லாருக்கும் தெரியும். காலையில் மாரியம்மன் படம், மாலையில் பழைய பள்ளிக்கூடப் படம். ஒருநாள் கோயிலை மாற்றிக் கட்டிய கணக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. "ரசீது எங்கே?" என்று ஒருவர் கேட்டார். கேட்டது நியாயமான கேள்வி. "உங்கப்பன் சீட்டுக் காசை ஏமாத்தினதுக்கு ரசீது இருக்கா?" என்று பதில் வந்தது. பிறகு இரவு முழுக்க நடந்ததை வானொலியில் சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் அறுபது வயதுக்கு மேல். ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

அடுத்த வாரம் ஒரு கருமாதி வீட்டில் இருவரையும் பார்த்தேன். ஒருவர் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார். மற்றவர் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். "ரசம் ஊத்தட்டா?" என்றார் இவர். "கொஞ்சம்" என்றார் அவர். ரசம் ஊற்றப்பட்டது. சமாதானமா என்று கேட்டால் இல்லை. அன்று இரவே குழுவில் மறுபடி தொடங்கிவிட்டார்கள். ஆனால் இலைக்கு முன்னால் அந்த வார்த்தை வரவில்லை.

இந்த விஷயத்தை உளவியல்காரர்கள் இருபது வருடத்துக்கு மேலாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் சூலர் 2004-இல் எழுதிய கட்டுரையைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். இணையத்தில் கூச்சம் ஏன் கழன்றுவிடுகிறது என்பதற்கு அவர் ஆறு காரணம் காட்டினார். பெயர் தெரியாமை, ஆள் தெரியாமை, பதில் உடனே வராமை என்று போகும் அந்தப் பட்டியல். எனக்கு அதைவிடப் பிடித்தது இஸ்ரேலில், ஹைஃபா பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை, 2012-இல் வெளியானது. மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒரு சிக்கலான கேள்வியைக் கொடுத்து, கணினியில் எழுதி விவாதிக்க வைத்தார்கள். சிலருக்கு எதிராளியின் பெயர் தெரியும், சிலருக்கு ஆள் தெரியும், சிலருக்குக் கேமரா வழியாகக் கண்ணும் கண்ணும் சந்திக்கும். பெயர் தெரிந்ததும் ஆள் தெரிந்ததும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. கண்ணைப் பார்த்தவர்கள்தான் மிரட்டலையும் ஏச்சையும் குறைத்துக்கொண்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர், 2022-இல் வெளியான ஆய்வில், அரசியல் விவாதத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் ஆராய்ந்தார்கள். இணையத்தில் ஏசுகிறவர் நேரிலும் ஏசுகிறவர்தான், இணையத்தில் அவர் குரல் அதிகம் பேருக்குக் கேட்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். குழாயடியை அறிந்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை. முன்பு ஒரு லயத்துக்குத் தெரிந்த வாய்த்துடுக்கு இன்று ஒரு நாட்டுக்கே தெரிகிறது.

அதற்குக் கைதட்டலும் கிடைக்கிறது. 2021-இல் வெளியான ஆய்வில் யேல் பல்கலைக்கழகத்தார் டுவிட்டரில் 7,331 பேர் எழுதிய 1 கோடியே 27 லட்சம் பதிவுகளைப் பார்த்தார்கள். ஆத்திரமாக எழுதி, அதற்கு விருப்பக்குறி வாங்கியவர், அடுத்தடுத்து இன்னும் ஆத்திரமாக எழுதுகிறார். குழாயை மூட எழுந்து வரும் பாட்டிக்குத் திரையில் இடமே இல்லை; இருநூறு பேர் இருக்கிற குழுவில் நூற்றுத் தொண்ணூறு பேர் முகம் சுளித்தாலும் அது யாருக்கும் தெரியாது. நாலு பேர் போட்ட கட்டைவிரல் மட்டும் தெரியும். திட்டு வாங்கியவருக்கு, ஊரே தனக்கு எதிராக நிற்பதாகப் படும்.

இந்த இடத்தில் ஈஷாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ராஜேஸ்வரி அப்பாவு என்பது அவர் பெயர். டிக்டாக்கில் பலருக்கும் தெரிந்த தமிழ்ப் பெண். அந்தத் தளத்தில் தன்னைத் தொடர்ந்து மிரட்டி ஏசுகிறார்கள் என்று கோலாலம்பூரில் போலீஸ் புகார் கொடுத்தார். மறுநாள், 2024 ஜூலை 5-ஆம் தேதி, அவர் உயிரோடு இல்லை. நேரலையில் வருகிறவருக்கு முகம் இருக்கிறது, குரல் நடுங்கினால் எல்லாருக்கும் கேட்கிறது. எழுதுகிறவருக்கோ ஒரு புனைபெயரும் ஒரு பூப்படமும்தான். கண் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. ஏசுகிறவருக்கு எதிராளியின் கண்ணீர் தெரிகிறதே, பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கலாம். ஸ்டோர் கிராணிக்கும் தெரிந்ததுதான். தன்னை யாரும் நிமிர்ந்து பார்க்காதவரை அது அவருக்கு ஒன்றும் செய்யவில்லை.

அந்த மாதமே இது தொடர்பாக ஒரு பெண்மீது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டு, அவரும் ஒப்புக்கொண்டார். தண்டனை நூறு ரிங்கிட் அபராதம். 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில், அவர்மீது சுமத்தப்பட்ட பிரிவுக்கு அதிகபட்சமே அவ்வளவுதான். "ஓர் உயிருக்கு நூறு வெள்ளியா?" என்று நாடு கொதித்தது. நியாயமான கொதிப்பு. ஆனால் அந்தக் கொதிப்பிலேயே அந்தப் பெண்ணை என்னென்ன வார்த்தையால் எழுதினார்கள் என்பதையும் பார்த்தேன். எந்தக் குற்றத்துக்காகக் கோபப்பட்டார்களோ அதே குற்றம், அதே விரல்கள்.

சட்டம் பிறகு மாறியது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியது. 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் வந்தன. 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கின்றன. மிரட்டலும் இழிவுபடுத்தலும் இப்போது தனிக் குற்றங்கள். ஒருவரைத் தூண்டி அவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுபோனால் பத்து ஆண்டு வரை சிறை. தளங்களுக்கும் கட்டுப்பாடு: மலேசியாவில் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் வைத்திருக்கும் சமூக ஊடகமும் செய்திச் செயலியும் 2025 ஜனவரி 1 முதல் உரிமம் பெற வேண்டும் என்றார்கள். நல்லதுதான். ஆனால் குடும்பக் குழுவில் இரவு பதினொரு மணிக்கு வருகிற "உங்கப்பன்" என்ற வார்த்தைக்கு எந்தப் போலீசும் வரப்போவதில்லை.

வானொலிக்காரன் என்பதால் ஒரு சுயநலமான தகவலையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜூலியானா ஷ்ரோடரும் நிக்கலஸ் எப்லியும் இன்னொருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தமக்குப் பிடிக்காத கருத்துடைய ஒருவரின் பேச்சைச் சிலர் எழுத்தில் படித்தார்கள், சிலர் குரலாகக் கேட்டார்கள். குரலைக் கேட்டவர்களுக்கு, எதிராளியும் யோசிக்கத் தெரிந்த மனிதர்தான் என்று பட்டது. படித்தவர்களுக்கு அவ்வளவாகப் படவில்லை. சண்டை முற்றுகிறபோது எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு தடவை அழைத்துப் பேசுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

திட்டு வாங்குகிறவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், பொதுவில் சண்டைக்குப் போகவேண்டாம். தனியாக அவருக்கு ஒரு வார்த்தை அனுப்புங்கள், "நான் பார்த்தேன், அது தப்பு" என்று. மற்ற நூற்றுத் தொண்ணூறு பேரில் ஒருவராவது இருக்கிறார் என்று அவருக்குத் தெரியட்டும். மிரட்டல் என்றால் அழிப்பதற்கு முன் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு போலீஸ் புகார் கொடுங்கள். மனம் தாங்கவில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் இருக்கிறார்கள், இருபத்துநாலு மணி நேரமும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 03-7627 2929. இன்னொரு தடவை சொல்கிறேன், 03-7627 2929.