கர்மா பார்த்துக்கொள்ளுமா?



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கர்மா. நமக்குப் பிடிக்காதவர் சறுக்கி விழுந்தால் "கர்மா" என்று மீம் போடுகிறோம். அநியாயம் நடந்து உடைந்துபோய் வருகிறவரிடம் "விடுப்பா, கர்மா பாத்துக்கும்" என்கிறோம். ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் இந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும் தோழர்களே.

சமஸ்கிருதத்தில் கர்மம் என்றால் செயல். பாலியில் கம்மம். வைதிக மரபில் அது முதலில் வேள்வியையும் சடங்கையும் குறித்தது. நம் ஊரில் 'கருமாதி' என்கிறோமே, அந்தப் பொருளின் மிச்சம் அது. பிறகு மறுபிறவிக் கோட்பாடு அதோடு சேர்ந்தது. சாந்தோக்கிய உபநிடதம் என்ன சொல்கிறது? நல்ல நடத்தை உள்ளவர் பிராமண, சத்திரிய, வைசியக் கருவில் பிறப்பார்; கெட்ட நடத்தை உள்ளவர் நாய், பன்றி அல்லது சண்டாளக் கருவில் பிறப்பார். அந்த வரிசையைக் கவனியுங்கள். நாய், பன்றி, அதற்கடுத்து ஒரு மனிதக் கூட்டம்.

கீதையின் 18-ஆம் அத்தியாயம் நான்கு வருணத்துக்கும் கர்மத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. சூத்திரருக்கு ஊழியம். குறையோடு செய்தாலும் உன் தர்மமே மேல், அடுத்தவர் தர்மம் வேண்டாம் என்றும் சொல்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நீ ஏன் இங்கே பிறந்தாய்? கர்மம். இப்போது என்ன செய்ய வேண்டும்? உனக்குரிய கர்மம். கேள்வி எதுவானாலும் பதில் அந்த ஒரே சொல். வெளியேற வாசல் இல்லாத வீடு இது.

புத்தர் அதே சொல்லை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். அங்குத்தர நிகாயத்தில் கம்மம் என்பது சேதனை, அதாவது மனமறிந்து எண்ணிச் செய்வது. அப்படியானால் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான். பிறப்புக்கு அதில் இடமில்லை. வாசெட்ட சுத்தத்தில் இரண்டு பிராமண இளைஞர்கள் பிறப்பா நடத்தையா என்று வாதாடி அவரிடம் வருகிறார்கள். புல்லுக்கும் பூச்சிக்கும் பறவைக்கும் இனத்துக்கு இனம் அடையாளம் உண்டு, மனிதர்களிடம் அப்படி இல்லை என்கிறார். உழுது பிழைப்பவர் உழவர், திருடிப் பிழைப்பவர் திருடர், சடங்கு செய்து பிழைப்பவர் புரோகிதர். அவ்வளவுதான். சீவகர் என்ற துறவி வந்து கேட்டபோது, வரும் துன்பமெல்லாம் முன்வினையால் அல்ல. பித்தம், கபம், வாதம், பருவமாற்றம் என்று எத்தனையோ காரணம் உண்டு என்றும் சொல்கிறார்.

பௌத்த நூல்களில் முன்வினைப் பேச்சே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தாழ்ந்த குலப் பிறப்புக்கு முன்செயலைக் காரணம் காட்டும் சுத்தமும் அதே திரிபிடகத்தில் உண்டு. நம் மணிமேகலையிலும் முற்பிறப்புக் கதைகள் நிறைய. இதை மறைக்கத் தேவையில்லை. அம்பேத்கரும் மறைக்கவில்லை. 1957-இல், அவர் மறைந்த பிறகு வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் நேராகவே கேட்கிறார்: ஆன்மா இல்லையென்றால் ஒருவரின் வினை அடுத்த பிறவிக்கு எப்படிப் போகும்? முன்வினைக் கோட்பாட்டால் யாருக்கு லாபம் என்றும் பார்க்கிறார். ஏழைகளின், ஒடுக்கப்பட்டவர்களின் நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் நழுவ அது உதவுகிறது என்கிறார். அவர் பார்வையில் கம்மம் உலகின் பொதுவான அறஒழுங்கு. மனிதர்கள் நல்லது செய்தால் அது நிற்கும், செய்யாவிட்டால் சரியும். மேலே யாரும் கணக்கு எழுதவில்லை.

இது வெறும் தத்துவச் சண்டை இல்லை தோழர்களே. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தக் குழந்தைகளின் முன்வினை என்ன? யாராவது வாய் திறந்து சொல்ல முடியுமா? நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதையும் கர்மா என்று விட்டுவிடலாமா? மலக்குழியில் மனிதரை இறக்குவதற்கு எதிராக 2013-இல் சட்டம் வந்தது. அதன் பிறகும் சாகிறார்கள். சாகிறவர்கள் எந்தச் சாதி என்று உங்களுக்கே தெரியும். துப்புரவுத் தொழிலாளிக்கு வடக்கே 'சஃபாய் கர்மசாரி' என்று பெயர். அந்தப் பெயருக்குள்ளும் இதே சொல்தான் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். பாதிக்கப்பட்ட ஒருவர் உங்களிடம் வந்தால் "கர்மா பாத்துக்கும்" என்று அனுப்பிவிடாதீர்கள். உட்காரவைத்துப் புகார் எழுதுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியும்வரை காவல் நிலைய வாசலில் உடன் நில்லுங்கள். சாட்சி சொல்கிறவர் பக்கத்தில் இருங்கள்.

புத்தர் சொன்ன கம்மம் அதுதான். அது நம் கையில்தான் இருக்கிறது.