மிளகாய் நெடியும் லேசர் பட்ட கண்ணும்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஜூ டவுன் தெருவுக்குள் நுழைந்தால், 1568-இல் கட்டிய யூதர் ஜெபாலயம் கண்ணில் படும் முன்பே மசாலா வாசனை மூக்கில் ஏறிவிடும். மிளகும் சுக்கும் ஏலக்காயும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய தெரு அது. இப்படிப்பட்ட தெருவில் வற்றல் மிளகாய் மூட்டையை ஒருவர் அவிழ்த்து உதறினால் போதும், பக்கத்தில் நிற்பவருக்குக் கண் எரிந்து நீர் கொட்டும். கண்ணில் காயம் ஏதும் இல்லையே, பிறகு ஏன் எரிகிறது? கருவிழியின் மேற்பரப்பில் நரம்பு நுனிகள் தோலில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு நெருக்கமாக இருக்கின்றன. சூட்டை உணரும் ஒரு வாசல் அந்த நுனிகளில் உண்டு. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் அந்த வாசலைத் திறந்து, நெருப்பே பட்டுவிட்டதாக மூளைக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. மிளகின் காரம் தட்டுவதும் அதே வாசலைத்தான். விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழுவினர் 1997-இல் இதைக் கண்டறிந்தார்கள்; 2021-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. லேசர் சிகிச்சைக்குப் பின் வரும் கண்வலியைப் பற்றிப் பேச இந்தத் தெருவிலிருந்து புறப்படுவதற்குக் காரணம் இதுதான்: அந்த வலியும் இதே நரம்பு நுனிகளின் வலி.

கண்ணாடியைக் கழற்றிவைக்க உதவும் அந்த லேசரோடு தமிழகத்துக்கு ஓர் உறவும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா சென்ற வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன், ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மீது எக்சைமர் லேசரைச் செலுத்திப் பார்த்தார். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர், சுற்றியிருந்த திசுவைக் கருக்காமல் பட்ட இடத்தை மட்டும் துல்லியமாகச் செதுக்கியது. 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோகல் வழியாக அது கருவிழிக்கு வந்தது. 'லேசர்தானே, வலிக்கவா போகிறது' என்று பலரும் நினைப்பதற்கு இந்தத் துல்லியமும் ஒரு காரணம். ஆனால் வலி லேசரால் மட்டும் வருவதில்லை. லாசிக் முறையில் கருவிழியின் மேல் மெல்லிய மூடிபோல ஓர் அடுக்கைச் சீவித் தூக்கி, அடியில் லேசர் செலுத்தி, மூடியைத் திரும்பப் படியவைக்கிறார்கள். அதனால் எரிச்சல் பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். கருவிழி மெல்லியதாக உள்ளவர்களுக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படும் பிஆர்கே முறையிலோ மேல்படலத்தையே நீக்கிவிடுகிறார்கள். நரம்பு நுனிகள் திறந்து கிடக்கும். படலம் திரும்ப மூடிக்கொள்ள மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். பாதுகாப்புக்குக் காண்டாக்ட் லென்ஸ் ஒன்றைப் பொருத்தி அனுப்பினாலும், முதல் இரண்டு மூன்று நாள் சிலருக்குக் கடுமையாகவே வலிக்கும்.

இந்த வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கத் தேவையில்லை என்பதே என் வாதம். காயம்பட்ட திசு புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது நரம்பு நுனிகளின் கூச்சத்தைக் கூட்டிவிடுவதால், சாதாரணமாக உறைக்காத வெளிச்சமும் காற்றும்கூட ஊசியாகக் குத்துகின்றன. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் அந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கின்றன என்று 1971-இல் ஆய்வாளர் ஜான் வேன் காட்டினார். கீட்டோரோலாக், டைக்ளோஃபெனாக், நெபாஃபெனாக் முதலிய சொட்டு மருந்துகள் அதே வேலையைக் கண்ணிலேயே செய்கின்றன. பிஆர்கே செய்துகொண்டவர்களில் ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு மருந்தில்லாத சொட்டும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், மருந்து பெற்றவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது.

'புண் ஆறுவதை இந்த மருந்து தடுக்காதா' என்று கேட்பவர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சில ஆய்வுகளில் படலம் மூடுவது சற்றுத் தாமதமானது உண்மை. அதைவிடக் கவலை தரும் நிகழ்வும் உண்டு. 1999-இல் அமெரிக்காவில், டைக்ளோஃபெனாக் சொட்டு மருந்து போட்டவர்களில் சிலருக்குக் கருவிழியே கரையத் தொடங்கியது. ஒரு தயாரிப்பு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதனால் இந்த மருந்தையே ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை, நாள் கணக்கை மீறாமல் இருந்தால் போதும் என்றே நான் சொல்வேன். இந்த வலிக்கென்று அங்கீகரிக்கப்பட்ட 0.4 சதவீதக் கீட்டோரோலாக்கின் குறிப்பில், தேவைக்கேற்ப நாளுக்கு நான்கு முறை, அதிகபட்சம் நான்கு நாள் என்று எழுதியிருக்கிறது. அறுவைக்குப் பின் 14 நாளைத் தாண்டினால் கருவிழிக்கு ஆபத்து கூடலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. சர்க்கரை நோய், முடக்குவாதம், கடுமையான கண் வறட்சி உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் இவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

'சொட்டு விட்டதும் சட்டென்று மரத்துப்போகும் மருந்து இருக்கிறதே, அதைக் கொடுத்தால் என்ன' என்பது அடுத்த கேள்வி. அறுவை மேசையில் கண்ணை மரக்கவைக்கும் அந்த மருந்தை வீட்டில் தொடர்ந்து போட்டால் படலம் வளர்வதே நின்றுபோகலாம். தூசி விழுந்தாலும் தெரியாது, கிருமி தொற்றினாலும் தெரியாது. கீட்டோரோலாக் போன்ற, அழற்சியைத் தணிக்கும் மருந்தோ வலியைக் குறைக்கிறதே ஒழிய கண்ணின் உணர்வை முற்றாகப் பறிப்பதில்லை. ஆறவேண்டிய நாளில் வலி ஏறினாலோ, சீழ் வந்தாலோ, பார்வை மங்கினாலோ நோயாளியால் உணர முடியும். உணர்ந்த அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். தாய்ப்பால் விடுவது, மஞ்சள் நீரில் நனைத்த துணியைப் போடுவது என்ற பழைய பழக்கங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். மஞ்சளின் குர்குமினுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் இருப்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த செய்திதான். ஆனால் கடையில் வாங்கிய மஞ்சள் கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. மேல்படலம் இல்லாத கருவிழிக்கு அது மருந்தாகாது.

இனி, போடும் முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழிமையை மெல்ல இழுத்துப் பிடித்து, சீசாவின் நுனி கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடமாவது இடைவெளி தேவை. கூடவே ஸ்டீராய்டு சொட்டும் கொடுத்திருப்பார்கள். நாட்பட்டால் கண்ணின் அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடியது அது, அதற்குக் கணக்கு வேறு. எனவே மருந்து எழுதித் தரும்போதே, எந்த மருந்தை எந்தத் தேதியில் நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டு, அந்தந்த அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக எழுதிவைத்துவிடுங்கள்.