பிள்ளை பார்ப்பதும் அமானிதமே

(கிழக்கு லண்டனில் நமது டிரஸ்ட் நடத்திய பெண்கள் கூட்டத்தில், சைல்டுமைண்டராக இருக்கும் ஒரு சகோதரி ஆற்றிய உரை.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

என் வீட்டுக்கு முதன்முதலாக ஆஃப்ஸ்டெட் சோதனை வந்ததைப் பற்றிப் பேசும்படி டிரஸ்ட்டில் கேட்டார்கள். முதல் சோதனையில் நான் நல்ல பெயர் எடுக்கவில்லை. என் தவறு இன்னொரு சகோதரிக்குப் பாடமாக இருக்கட்டும் என்றுதான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 8 வயதுக்குட்பட்ட பிள்ளையை, நம் வீட்டில் வைத்து, ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கூலி வாங்கிப் பார்த்தால் பதிவு செய்தாக வேண்டும். பாட்டி, மாமி, சாச்சி போன்ற நெருங்கிய சொந்தம் என்றால் விதிவிலக்கு உண்டு. "நம்ம ஊர்க்காரங்கதானே, நம்பிக்கைதானே" என்பது விதிவிலக்கு ஆகாது.

பதிவுக்கு, குழந்தைகளுக்கான 12 மணி நேர முதலுதவிப் பயிற்சி வேண்டும். அதை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காப்பீடு வேண்டும். வீட்டில் குடியிருக்கும் 16 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் டிபிஎஸ் சோதனை வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நான் தடுக்கி விழுந்தேன்.

பதிவாகி இரண்டாம் ஆண்டு, 2022-இல், ஒரு திங்கட்கிழமை போன் வந்தது. எந்தெந்த நாளில் பிள்ளைகள் வருவார்கள் என்று கேட்டார்கள். அந்த வாரமே வருவார்கள் என்று புரிந்தது. உடனே வீட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். அடுப்படிக் கதவின் தடுப்பு, புகை அலாரம், விபத்துப் புத்தகம், வருகைப் பதிவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரி. இரவு காகிதங்களை அடுக்கும்போதுதான் உறைத்தது. என் மூத்த மகனுக்கு 16 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிறந்தநாளுக்குப் பிரியாணி ஆக்கினேன், டிபிஎஸ் எடுக்கவில்லை, ஆஃப்ஸ்டெட்டுக்கும் தெரிவிக்கவில்லை.

பதறிப்போய் ஒரு தோழிக்குப் போன் போட்டேன். "மவன் மாமா வீட்டுல தங்கிப் படிக்கிறான்னு சொல்லிடு ராத்தா, யாரு வந்து பாக்கப் போறா?" என்றாள். என் நன்மைக்காகத்தான் சொன்னாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும், "பொய் சொல்லி வாங்குற பேரு நமக்கு எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

சோதனைக்கு வந்தவர் நடுவயதுப் பெண்மணி. அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து, புத்தகத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே உள்ளே விட்டேன். யார் வந்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும். அவர் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்தார். காகிதத்தைவிடப் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்தார்.

எங்கள் சமுதாயத்துப் பிள்ளை ஒன்று, இரண்டு வயது, என்னிடம் வருகிறது. அன்றைக்கு நான் அதனிடம் முழுக்க இங்கிலீஷில் பேசினேன். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் "மாமி, தண்ணி" என்றது. வந்தவர் சிரித்துவிட்டு, "வழக்கமாக எந்த மொழியில் பேசுவீர்கள்?" என்று கேட்டார். "தமிழ்" என்றேன், குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. "பின்னே ஏன் இன்றைக்கு மாற்றினீர்கள்?" என்றார். சிறுபிள்ளைகளுக்கான அரசின் விதிகளே, பிள்ளை வீட்டில் பேசும் மொழியை விளையாட்டிலும் படிப்பிலும் பயன்படுத்த வாய்ப்பளிக்கச் சொல்கின்றன. இங்கிலீஷும் நன்றாகப் பழக வேண்டும், அவ்வளவுதான். இதை அறியாமல் நான் நம் மொழியை ஒளித்து வைத்திருந்தேன்.

பிறகு கேள்விகள். "இந்தப் பிள்ளைக்கு அடுத்து எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள், ஏன்?" என்று கேட்டார். திராட்சையை ஏன் நீளவாக்கில் வெட்டுகிறீர்கள் என்று கேட்டார். தொண்டையில் அடைக்கும் என்பதால் என்றேன். "பிள்ளையின் உடம்பில் சந்தேகப்படும்படி காயம் கண்டால்?" என்றார். எழுதி வைத்துவிட்டு கவுன்சிலின் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுக்குச் சொல்வேன் என்றேன். நம் வழக்கம் வேறு. பெரியவர்களைக் கூப்பிட்டு, பேசி, மானம் போகாமல் முடிக்கப் பார்ப்போம். பிள்ளை விஷயத்தில் அது கூடாது.

"உங்கள் வீட்டு ஆள் மீதே புகார் வந்தால்?" என்று அடுத்துக் கேட்டார். அதையும் கவுன்சிலுக்கும் ஆஃப்ஸ்டெட்டுக்கும் சொல்ல வேண்டும் என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. என் மகனைச் சந்தேகப்பட்டு யாரும் டிபிஎஸ் கேட்கவில்லை. தன் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு, அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அறிய உரிமை இருக்கிறது. அதற்குத்தான் கேட்கிறார்கள். அவர் கேட்கும் முன்பே மகன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"சொன்னது நல்லது, ஆனாலும் இது விதிமீறல்தான்" என்றார். முடிவு, முன்னேற்றம் தேவை. அப்போதைய நான்கு தரங்களில் அது மூன்றாவது. அறிக்கை இணையத்தில் எல்லோரும் பார்க்க வரும். வருவதற்குள் நானே ஒவ்வொரு பெற்றோரிடமும் போய்ச் சொன்னேன். ஒரு குடும்பம் பிள்ளையை நிறுத்திக்கொண்டது. அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. மற்றவர்கள், "நீங்களே சொன்னீங்களே, அது போதும்" என்றார்கள்.

மகனுக்கு டிபிஎஸ் எடுத்தேன். ஓராண்டுக்குள் மறுசோதனை வந்தது. அல்ஹம்துலில்லாஹ், 'நன்று' கிடைத்தது. 2025 நவம்பர் முதல் ஒரே சொல்லில் மொத்தத் தரம் போடும் முறை போய்விட்டது. ஒவ்வொரு அம்சத்துக்கும் தனித்தனியாகத் தரம் எழுதுகிறார்கள். நாம் செய்ய வேண்டிய வேலை அதேதான்.

பிள்ளை பார்க்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் 16-ஆம் பிறந்தநாளையும் இன்றே காலண்டரில் குறியுங்கள். முதலுதவிச் சான்றிதழ் முடியும் தேதியையும் குறியுங்கள். வருகை நேரத்தை அன்றன்றே எழுதுங்கள். சோதனைக்கென்று புதிதாக எதையும் செய்யாதீர்கள், பிள்ளைகள் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்! பதிவில்லாமல் பார்ப்பவர்கள் பயப்பட வேண்டாம். உங்கள் கவுன்சிலின் சிறுபிள்ளைகள் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

பெற்றோர்களே, பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பதிவான இடத்தில் விட்டால்தான் அரசின் உதவியும் கிடைக்கும். தகுதியுள்ள வேலை பார்க்கும் பெற்றோர் கணக்கில் 8 பவுன் போட்டால் அரசு 2 பவுன் சேர்க்கும், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 பவுன் வரை.

அடுத்தவர் நகையை வாங்கி வைத்தால் எண்ணி வாங்குகிறோம், எண்ணிக் கொடுக்கிறோம். பிள்ளை அதைவிடப் பெரிய அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்க ஆஃப்ஸ்டெட் வராவிட்டாலும், கேட்பவன் ஒருவன் இருக்கிறான்.

நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. நமக்கு உண்மை பேசும் தைரியத்தைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.