தியோடர் செட்ஜ்விக்: விடுதலையும் சொத்தும்

(கட்சி வகுப்பில் ஆற்றிய உரை)

அமெரிக்கக் குடியரசின் தொடக்ககால வழக்குரைஞரும் சட்டம் இயற்றியவருமான தியோடர் செட்ஜ்விக் (1746–1813) குறித்துப் பேச முற்படுகிறேன். முதலாளித்துவப் புரட்சி எதை வழங்கியது, எங்கே நின்றுவிட்டது என்ற இரண்டையும் இவரது வாழ்வில் காணலாம்.

1773-இல் மாசச்சூசெட்ஸின் ஷெஃபீல்ட் ஊரார் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஒரு பிரகடனம் வெளியிட்டனர். அதை உருவாக்கியதில் செட்ஜ்விக்குக்கு முதன்மையான பங்கு உண்டு. மாந்தர் அனைவரும் சமமானவர்கள். உயிர், விடுதலை, சொத்து ஆகியவற்றை இடையூறின்றித் துய்க்க உரிமையுடையவர்கள் என்று அது கூறியது. குழு கூடியதோ ஜான் ஆஷ்லியின் இல்லத்தில். பெட் என்னும் கறுப்பினப் பெண் அந்த ஆஷ்லியின் அடிமை.

1780-இல் மாநில அரசியல் சட்டமும் மனிதர் யாவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என அறிவித்தது. எழுத்தறியாத பெட், அச்சொற்கள் தமக்கும் உரியவை எனத் துணிந்து செட்ஜ்விக்கை நாடினார். பிராம் என்ற மற்றோர் அடிமையும் வழக்கில் இணைந்தார். 1781-இல் கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள் இருவரையும் விடுவித்து, 30 ஷில்லிங் இழப்பீடும் வழங்கினர். பெட், எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் சூடிக்கொண்டு, செட்ஜ்விக் குடும்பத்தில் கூலி பெறும் பணியாளரானார். 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாசச்சூசெட்ஸில் ஓர் அடிமைகூடப் பதிவாகவில்லை.

ஆனால் 1786-இல் வேறொரு கேள்வி எழுந்தது. கடனாலும் வரியாலும் நசுங்கிய விவசாயிகள், நிலம் பறிபோவதையும் சிறைக்கு அனுப்பப்படுவதையும் தடுக்க நீதிமன்றங்களை முற்றுகையிட்டனர். விடுதலைப் போரில் பங்கேற்ற டேனியல் ஷேஸ் அவர்களின் தலைவர்களுள் ஒருவர். அப்போது செட்ஜ்விக் அரசின் பக்கமும் கடன் கொடுத்தோர் பக்கமும் உறுதியாக நின்றார். 1787-இல் கிளர்ச்சியாளர்கள் ஸ்டாக்பிரிட்ஜில் இருந்த அவரது வீட்டிலும் புகுந்தனர். பின்னர் அவர் கூட்டரசுவாதக் கட்சியின் முன்னணித் தலைவராகி, 1799 முதல் 1801 வரை பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராகவும் விளங்கினார்.

இதைத் தனிமனித முரண்பாடு என்று மட்டும் கொள்வது போதாது. விடுதலையையும் சொத்தையும் ஷெஃபீல்ட் பிரகடனம் ஒரே மூச்சில் உச்சரித்தது. மனிதரே சொத்தாக்கப்பட்டிருந்தபோது செட்ஜ்விக் விடுதலையின் பக்கம் வாதாடினார். கடன் பத்திரமும் நிலமும் கேள்விக்குள்ளானபோது சொத்தின் பக்கம் சென்றார். அவரது வர்க்கம் அவருக்கு வகுத்த எல்லை அது.

ஆகவே தோழர்களே, அந்தத் தீர்ப்பைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. அது மெய்யான வெற்றி. ஆனால் அதை வழக்குரைஞரின் கொடையாக மட்டும் எழுதும் வரலாற்றை நாம் ஏற்கலாகாது. ஆள்வோர் தமக்கென எழுதிய சொற்களைத் தம் உரிமையாக்கி முதலடி எடுத்து வைத்தவர் பெட். அந்த வரிசையில்தான் இப்பெயர்களை நாம் கற்பிக்க வேண்டும்.