நெற்பயிரின் கடிவாளம்



2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது, கல்முனை, சம்மாந்துறை வயல்கள் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். யூரியா இல்லையேல் நெல் இவ்வளவு தளர்வதேன்? விடையில் ஒரு பங்கு பயிரின் கலத்துக்குள்ளேயே இருக்கின்றது.

முன்னாளைய நெட்டை நெல், பசளையிட்டால் மிக உயர்ந்து, கதிர்ப் பாரம் தாங்காது சாய்ந்துவிடும். 1966இல் வெளியான ஐ.ஆர்.8 என்னும் குட்டை இனமோ நிமிர்ந்து நின்றது. நம் பத்தலகொட நிலையத்தின் பி.ஜி. இனங்கள் பலவும் அவ்வழி வந்தவையே.

குட்டையின் இரகசியம் யாது? கிபரலின் என்னும் ஓமோன் கலங்களை நீளச் செய்வது. டெல்லா என்னும் புரதம் அவ்வளர்ச்சிக்குக் கடிவாளம். கிபரலின் மிகுந்தால் டெல்லா அழியும், தண்டு நீளும். குட்டை இனத்தில் கிபரலின் குறைவு. ஆகவே கடிவாளம் இறுகியே இருக்கின்றது.

ஆனால் அதே கடிவாளம் நைதரசனை உறிஞ்சுவதையும் தடுக்கின்றது என 2018இல் சீன விஞ்ஞானிகள் கண்டனர். அதனாலன்றோ பயிர் அதிகப் பசளை கேட்கின்றது! ஜி.ஆர்.எப்.4 என்னும் வேறொரு புரதம் மிகுந்தால், பயிர் குட்டையாகவே நின்று நைதரசனையும் நன்கு உறிஞ்சும் என்பதையும் அவர்கள் காட்டினர்.

நண்பர்களே, பசளை மூட்டைக்காக உழவர் காத்திருக்கும் நிலை மாறவேண்டும். அதற்கான கல்வியை நாமும் கற்போமாக.