பந்தியில் தீட்டு

(இராஜபாளையம் அய்யனார் கோவிலருகில் கூடிய கூட்டத்தில் பேசியதின் சாரம்)



மலையடிவாரத்திலுள்ள இந்த அய்யனார் கோவிலுக்கு வருகிறவர்கள் பொங்கலிட்டுப் படைத்து, படைத்ததைத் தாங்களே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். சாமி ஒரு பருக்கையும் தொடுவதில்லை. யார் பானையில் யார் கை வைக்கலாம் என்பதில்தான் சண்டையெல்லாம். கிறிஸ்தவ சகோதரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியதில்லை. அவர்கள் சாமிக்குப் படைப்பதில்லை, சாமியையே சாப்பிடுகிறார்கள். ஆனாலும் பானைச் சண்டை அங்கேயும் வந்து சேர்ந்தது. அதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

ஆதியில் அது வயிற்றுக்குச் சாப்பிடுகிற சாப்பாடாகவே இருந்தது. கொரிந்து பட்டணத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்து வெறித்திருக்க, ஏழைகள் பட்டினியாய் நின்றார்கள். கேள்விப்பட்ட பவுல், சுமார் 55-ம் வருஷத்தில், இது கர்த்தருடைய விருந்தே ஆகாது என்று கண்டித்து எழுதினார். எல்லோருக்கும் அப்பம் ஒன்றானால் ஆட்களும் ஒன்றுதானே என்பது அவர் வாதம்.

பிறகு நம்பிக்கை ஏற ஏறச் சாப்பாடு சுருங்கிற்று. அந்தியோக்கியா பிஷப்பு இக்நேஷியஸ் அதைச் சாகாமைக்கு மருந்து என்றார். சுமார் 155-ல் ரோமாபுரியில் ஜஸ்டின் என்பவர், இது சாதாரண அப்பமல்ல, இயேசுவின் மாமிசமும் இரத்தமுமே என்று எழுதினார். ஊராரோ, இவர்கள் மனுஷ மாமிசம் தின்கிறார்கள் என்று புரளி கட்டினார்கள்! அப்பம் மாமிசமாகிறதா என்பதை அவரவர் நாக்கைக் கேட்டால் தெரியும். அதற்கு நம் பிரசங்கம் வேண்டாம். ஆனால் அதே ஜஸ்டின், கூட்டத்தில் சேரும் பணம் அநாதைகள், விதவைகள், நோயாளிகள், கைதிகளுக்குப் போகிறதென்றும், வராதவர்களுக்கும் அப்பம் அனுப்பப்படுகிறதென்றும் எழுதி வைத்தார். நமக்கு வேண்டிய சங்கதி அதுதான்.

நிற்க. அந்த அப்பம் நம் நாட்டுக்கு வந்து என்ன கதியாயிற்று? தஞ்சாவூர், வேப்பேரி முதலிய புராட்டஸ்டண்டு சபைகளில் மேல்ஜாதியார் முதலில் பந்திக்குப் போவார்கள், தாழ்த்தப்பட்டவர்கள் பின்னால்தான். இந்த வித்தியாசம் உடனே ஒழியவேண்டுமென்று கல்கத்தா பிஷப்பு டேனியல் வில்சன் 1833-ல் உத்தரவு போட்டார். அநேகர் ஜாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்! சாகாமைக்கு மருந்து ஒரு பக்கம், அடுத்தவன் எச்சில் ஒரு பக்கம். எச்சில் பயமே ஜெயித்தது. நாம் கேட்கிறோம்: பாத்திரத்திலிருப்பது கடவுளின் இரத்தம் என்று நிஜமாகவே நம்புகிறவனுக்கு, ஒரு மனிதனுடைய உதடு பட்டு அது தீட்டாகிவிடும் என்ற எண்ணம் எப்படி வரும்? அப்படியானால் எது பெரியது, கடவுளா, தீட்டா?

கத்தோலிக்கர் கதையும் இதுவே. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் எழுப்பிய கோவிலுக்குக் கால்சட்டை மாதிரி இரண்டு பிரிவு. பீடம் மட்டும் ஒன்று. ஒரு காலில் வேளாளர், மறுகாலில் நாடார். பாதிரிமார் 1910-ல் தடுப்பை இடித்தார்கள். பிரிவினை எங்கள் பாத்தியதை என்று வேளாளர் கோர்ட்டுக்குப் போனார்கள். கேஸ் தோற்றது.