பண்டிகை நம்முடையது, கடன் யாருடையது?

(தோட்டக் கிளைகளின் மாதர் அணி, இளைஞர் அணிப் பிரதிநிதிகளுக்காகத் தொண்டைமானாற்றில் நடந்த பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரை)



தீபாவளிக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. தோட்டங்களில் முற்பணப் பேச்சு தொடங்கிவிட்டது. எவ்வளவு தருவார்கள், எப்போது தருவார்கள் என்று தலைவர்மாரை வழியில் மறித்துக் கேட்கிறார்கள். அதைப் பெற்றுக்கொடுப்பது சங்கத்தின் கடமை. அந்தக் கடமையை நாம் செய்வோம். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது, என்னவாகத் திரும்பி வருகிறது என்பதையும் இன்று பேசியாக வேண்டும்.

தீபாவளி முற்பணம் துரை தரும் பரிசு அல்ல. அது நாம் இனிமேல் உழைக்கப்போகும் சம்பளம். 10,000 ரூபாய் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில், சேமலாப நிதிக்கான 8 சதவீதம் போக, 1,242 ரூபாய்தான் மிஞ்சியது. அந்தக் கணக்கில் 10,000 ரூபாய்க்கு எட்டு நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தது. மழையிலும் அட்டைக்கடியிலும் எட்டு நாள் பறித்த கொழுந்து, டவுனில் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடுகிறது.

அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. முற்பணம் போதாதபோது நகை அடகுக்குப் போகிறது. கைபேசியும் தொலைக்காட்சியும் தவணைக்கு வருகின்றன. குழுக்கடன்காரர் லயத்து வாசலுக்கே வருகிறார். நுண்கடன் என்ன செய்யும் என்பதை வடக்குப் பெண்களும் நம் பெண்களும் அறிவார்கள். நிலைமை முற்றியதால்தான், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வந்தது.

நம் முன்னோர் காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனைக் கட்ட ஆளில்லாமல் அவர் தோட்டம் விட்டுத் தோட்டம் போக முடியாது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அன்று பிறர் நம் கழுத்தில் கட்டியதை, இன்று தவணைப் புத்தகமாக நாமே கடையில் போய் வாங்கி வருவதா?

தோழர்களே, பணக் கணக்கை விடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள், பண்டிகைக்கு வீடு வரும்போது தம்பி தங்கைக்கு உடுப்பு, அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குச் சாரம் என்று வாங்கி வர வேண்டும் என்றாகிவிட்டது. கையில் காசில்லாத பிள்ளை என்ன செய்கிறது? “லீவு கிடைக்கவில்லை” என்று போனில் சொல்லிவிட்டு அங்கேயே இருந்துவிடுகிறது. வெறுங்கையோடு வந்தால் லயம் என்ன சொல்லும் என்ற பயம்! வளைகுடாவில் வீட்டு வேலை செய்யும் தாய் பெட்டி நிறையச் சாமான் அனுப்புகிறாள். பிள்ளை பெட்டியைப் பிரித்துவிட்டு, “அம்மா எப்ப வரும்?” என்றுதான் கேட்கிறது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கு மூன்று சோடி உடுப்பு, நம் பிள்ளைக்கு ஒன்று என்பதற்காகப் பண்டிகை அன்றே கணவனும் மனைவியும் சண்டை பிடிக்கும் வீடுகள் எத்தனை! உறவைக் கொண்டாட வந்த நாள் உறவை முறிக்கிறது.

அடுத்தது குப்பை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரம் முழுவதும் வாங்கி எறிந்தது, அந்த மலையடியில் வாழ்ந்த ஏழை மக்கள் மேல் விழுந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடை செய்யப்பட்டன. 2023இல் பிளாஸ்டிக் தட்டும் கரண்டியும் மாலையும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் பட்டாசு உறை, பொம்மைப் பெட்டி, உடுப்புப் பை எல்லாம் இன்னும் லயத்துக் கானுக்குள்தான் போகின்றன. தலவாக்கலையில் கானில் போட்டது கொத்மலை ஓயாவில் சேரும். அங்கிருந்து மகாவலி. மகாவலி போய்ச் சேருமிடம் திருகோணமலையின் கொட்டியாரக் குடா. மலையில் நாம் எறிவது கடலோரத்து மீனவரின் வலையில் ஏறுகிறது. அவரும் நம்மைப் போல் நாட்கூலிக்காரர்தான்.

இங்கே ஆற்றங்கரையில் செல்வச் சந்நிதியைப் பார்த்தோம். ‘அன்னதானக் கந்தன்’ என்று பெயர் பெற்ற கோயில். இங்கே முருகனுக்கு அமுது படைப்பது ஆலிலையில். பூசை முடிந்தால் அந்த இலை மண்ணோடு மண்ணாகிவிடும். மடங்களில் பந்தியில் உட்காருபவரை, நீ என்ன கொண்டு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கடனும் குப்பையும் இல்லாமல் கொடுக்க முடியும் என்பது நம் வழக்கத்திலேயே இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். ‘தொழிலாளிக்குச் சிக்கனம் தெரியாது’ என்று கம்பனிக்காரர் சொல்வதை நாம் திருப்பிச் சொல்ல வரவில்லை. வருடம் முழுவதும் உழைக்கும் குடும்பம் ஒரு நாள் புதுசு உடுத்தி, இறைச்சி சமைத்து, பலகாரம் சுட்டு மகிழ்வது அதன் உரிமை. உலகத்தைக் குப்பையாக்கியதில் லயத்துக் காம்பராவின் பங்கு மிகச் சிறியது. சம்பளப் போராட்டமும் நிற்காது. ஆனால் போராடிப் பெற்ற உயர்வு தவணைக் கடைக்குப் போனால், அது யாருடைய வெற்றி?

ஆகவே கிளைக் கூட்டங்களில் பேசுவதற்கு நான்கு விடயங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று: முற்பணம் தரும்போதே, எத்தனை மாதத்தில் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

இரண்டு: தையல் தெரிந்த பெண்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் உடுப்பை அவர்களிடம் தைக்கக் கொடுங்கள். காசு தோட்டத்துக்குள்ளேயே நிற்கும்.

மூன்று: 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டதால், சபைகள் தோட்டங்களுக்கும் சேவை செய்ய முடியும். குப்பை அள்ளும் வண்டி லயத்துக்கு வர வேண்டும் என்று கோரிக்கை எழுதுங்கள்.

நான்கு: தோட்டத்துக்கு ஒரு பொதுப் பந்தி வையுங்கள். ஆளுக்கொரு படி அரிசி, ஒரு தேங்காய் போதும். வாழையிலை நம் தோட்டத்திலேயே இருக்கிறது.

கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வாரமே போன் எடுத்துச் சொல்லுங்கள்: “ஒன்றும் வாங்க வேண்டாம். பஸ் காசு இருந்தால் போதும். நீ வா.”